சார்னகைட்டும் ஒன்பது தொட்டில்களும்

போன மாதம் பெல்மதுளையில் கல் பலகை அறுத்துக் கொடுக்கிற கடை ஒன்றுக்குப் போனோம். குசினியில் அடுப்பு வைக்க ஒரு மேடை கட்ட வேண்டும். சிமெந்து போதும் என்றார் என் கணவர். கல்தான் வேண்டும் என்றேன் நான்.  வாசலில் கால் வைத்ததும், சுற்றுகிற சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றி ஒருவர் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். ஈரக் கல்மாவின் வாசனை உங்களுக்குப் பழக்கமோ என்னவோ. மழை விழுந்த மண்ணின் வாசனை இல்லை அது. உரசிய தீக்குச்சியும் நனைந்த ஆணியும் சேர்ந்தது மாதிரி இருக்கும். அது மூக்கில் ஏறியதும் என் கை தானாகவே கீழே போய், பக்கத்தில் நின்ற பேரனின் தலையைத் தேடிப் பிடித்து மூடிக்கொண்டது. அவனுக்கு இரண்டு வயது. தலையை ஏன் மூடுகிறாள் இந்தப் பாட்டி என்று அவன் அழத் தொடங்கிவிட்டான்.

கடைக்காரர் சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் கொஞ்சம் வரும். கறுப்புப் பலகை ஒன்றைத் துடைத்துக் காட்டினார். "பாருங்க நோனா, பிளாக் கிரனைட். ஹொந்தம படு. இதைவிட நல்ல சாமான் இரத்தினபுரியிலேயே இல்லை."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இது கிரனைட் இல்லீங்க முதலாளி, சார்னகைட்" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கூரையைப் பார்த்தார். வெளியே வந்து முச்சக்கர வண்டியில் ஏறியதும், "கல்லு வாங்க வந்தமா, கல்லுக்குப் பேரு வைக்க வந்தமா?" என்று கேட்டார்.

வழி முழுக்க எனக்கு அதே யோசனைதான். கடைக்காரரை அவர் கடையிலேயே வைத்து அவமானப்படுத்திவிட்டேனா? அந்தப் பலகை உண்மையிலேயே சார்னகைட்தானா, இல்லை வேறு ஏதாவது கறுப்புக் கல்லா? கடைகளில் மெருகு ஏறுகிற எல்லாக் கல்லுக்கும் கிரனைட் என்றுதானே பெயர், அதில் என்ன குற்றம்? இப்படி நூறு கேள்வி. ஆனால் நாளைக்கே அந்தக் கடைக்கு மறுபடி போனாலும் மறுபடி சொல்வேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சொல்லை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. உயர்தரத்தில் நான் எடுத்தது தமிழ், இந்து நாகரிகம், அரசியல். விஞ்ஞானம் தமிழில் படிக்க எங்கள் பக்கத்தில் அப்போது வழி இல்லை. கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது காலில் இடித்தால் வலிக்கும் என்பதுதான். மூன்று துண்டுச் சொல் ஒன்று வந்து என் வேலையையும் என் பிள்ளையின் தலையையும் ஒரே தராசில் வைக்கும் என்று யார் நினைத்தார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. ஓப்பநாயக்கவுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்குக் கிடைத்திருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. கணவருக்கு அதே தோட்டத்தில், கொழுந்தைத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் வேலை. என் மகளுக்கு ஏழு மாதம். அவளையும் சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள். தொட்டிலில் தூங்குகிறவர்கள் ஒன்பது பேர், மீதிப் பேர் பாயில். நான் டீச்சர் இல்லை, ஆனாலும் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டதால் எனக்கு வந்த பயம் கொஞ்சமில்லை. பால் சூடு சரியா, இந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறது, மூச்சு வருகிறதா? தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்து, அதை எழுப்பி அழவிட்ட நாட்கள் எத்தனையோ.

அந்தக் கட்டடம் முந்தி உரம் வைக்கிற ஸ்டோர். வெள்ளையடித்து, பாதிச் சுவருக்குக் கம்பி போட்டு, பிள்ளைக்காம்பரா என்று பெயர் எழுதியிருந்தார்கள். மழை நாளில் சுவரிலிருந்து இன்னும் உர வாசனை வரும். அதற்கு நேர் மேலே ஒரு பெரிய பாறை. கறுப்பு இல்லை, பச்சையும் இல்லை, எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுக்கம். எங்களுக்கு அது கருங்கல். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் வெயில் நாளில் அதில்தான் மிளகாய் காயவைப்பார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் பாறையின் மறு ஓரத்தைத் தோட்டம் ஒரு கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்தது. ரோட்டுக்குச் சல்லி வேண்டுமாம். முதலில் துளை போடுகிற சத்தம் வந்தது, பிறகு வெடி. சிவப்புத் துணியைக் காட்டி மூன்று தரம் விசில் ஊதுவார்கள். மூன்றாவது விசிலுக்கும் வெடிக்கும் நடுவில், நான் பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு பின்பக்கத்துச் சிமெந்துத் தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு ஓட வேண்டும். நடக்கத் தெரிந்தவர்கள் என் சேலையைப் பிடித்துக்கொள்வார்கள். தூக்க வேண்டியவர்களைத் தூக்க எனக்கும் உதவிக்கு இருந்த பெண்ணுக்குமாக நாலு கைதான். இரண்டு தரம் ஓடுவோம். வெடித்த பிறகு தகரக் கூரையில் சின்னச் சின்னக் கல் சிதறி விழும். அரிசி கொட்டுகிற மாதிரிச் சத்தம். அதற்குப் பிறகு தூசு இறங்கும். கரைத்து வைத்த பால்மாவின் மேல் மெல்லிய சாம்பல் ஆடை. அந்த நேரத்து வாசனைதான் பெல்மதுளைக் கடையில் என்னைப் பிடித்த வாசனை.

ஓடி ஒளிந்த பிறகு ஒவ்வொரு தரமும் தலையை எண்ணுவேன். ஒரு நாள் எண்ணினால் இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன், இருபத்தொன்று.  உள்ளே ஓடினேன், பாயைத் தூக்கினேன், மலசலகூடத்துக்குப் பின்னால் பார்த்தேன். பேரனைப் பார்க்க வந்துகொண்டிருந்த மாரியாயி அக்கா நான் ஓடுவதைப் பார்த்து வழியில் மறித்தார்.

"என்னா டீச்சர், என்னாத்த தேடுறீங்க?"

"ஒரு புள்ளய காணோங்க அக்கா! இருவத்தொண்ணுதான் இருக்கு!"

"இடுப்புல இருக்கிறது யாரு புள்ள?"

என் மகள். அவளை எண்ணவே இல்லை. அன்றைக்கு மலையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கனவு வருகிறது, எண்ணிக்கையில் ஒன்று குறைகிற கனவு.

தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கத்தின் ஆள், ஒரு பெட்டிஷன் எழுதினார். தலைவர் பெட்டிஷன் எழுதினால் முதல் பக்கம் முழுக்க மரியாதைதான் இருக்கும். மேன்மை, சமூகம், தாழ்மை எல்லாம் முடிந்து, எங்கள் தோட்டத்தில் நடக்கும் கிரனைட் குவாரியால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று கடைசி வரியில் எழுதினார். கருங்கல் என்பதற்கு இங்கிலீஷ் கிரனைட்தானே என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியவள் நான்தான். அந்தத் தலையாட்டலுக்காக எத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டேன் தெரியுமா?

இரண்டு மாதம் கழித்துச் சம்பந்தப்பட்ட அரசாங்கக் கந்தோரிலிருந்து பதில் வந்தது, சிங்களத்தில். தலைவருக்குச் சிங்களம் பேச்சில் ஓடும், எழுத்தில் நொண்டும். ஆகவே பிள்ளைக்காம்பரா வாசலில் வைத்து நான் வாசித்தேன். பால் கொடுக்க வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். மேற்படி தோட்டத்தில் கிரனைட் குவாரி எதுவும் இல்லை. அனுமதி பெற்று இயங்குவது சார்னகைட் குவாரி. குறித்த எல்லைக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை, ஒரு உர ஸ்டோர் மாத்திரமே உண்டு. ஆகவே முறைப்பாட்டுக்கு இடமில்லை.

"என்னா குவாரி?" என்றார் மாரியாயி அக்கா.

"சார்னகைட்."

"சாணக்கெட்டா?"

"சாணிக்கட்டுன்னு சொல்லுது போல" என்றார் தலைவர், எங்கள் எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகாரமாக.

"அப்ப வெடிக்கிறது கல்லு இல்லியா? சாணியா? சாணி வுழுந்தா எனக்கு ஒண்ணும் இல்ல, வெடிக்கட்டும்!"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அந்த வாரத்திலிருந்து தோட்டத்தில் அது ஒரு திட்டு. கல் லொறி ஓட்டுகிறவர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வண்டியை நிறுத்தினால், "எடுடா அந்தப் பக்கம், சாணக்கெட்டு!" என்று ஒரு குரல் வரும். அவருக்கு ஒன்றும் விளங்காது. சிரித்துக் கையாட்டிவிட்டுப் போவார்.

ஆனால் எனக்கு அந்தச் சொல் மறக்கவில்லை. பெயர் தெரியவில்லை என்பதற்காகத்தானே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்? வீட்டில் மகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டே அதைச் சொல்லிப் பார்த்தேன். சார், ன, கைட். வாய்க்கு அது மூன்று துண்டு. தமிழ் யாப்பில் போட்டால் இரண்டே அசை: சார் நேர், னகைட் நிரை. நேர் நிரை கூவிளம். எங்கள் பெண்கள் மாதிரிக் கடைசியில் ஒரு 'டு' சேர்த்தால் அது கூவிளங்காய். உயர்தரத்தில் படித்த யாப்பு இதற்காவது உதவியதே என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். அந்தக் கல்லை என் மொழியின் அளவுகோலில் ஒரு தரம் நிறுத்திப் பார்த்தது மனதுக்கு என்னவோ தெம்பாக இருந்தது. இதில் என்ன தெம்பு என்று நீங்கள் கேட்கலாம். 

இரண்டாவது பெட்டிஷனை நான் எழுதினேன், சிங்களத்தில். மரியாதை ஒரு வரி. அந்தச் சொல் ஒன்பது இடத்தில். சார்னகைட் குவாரியின் வெடி, சார்னகைட் துண்டுகள், சார்னகைட் தூசு. உர ஸ்டோர் என்று நீங்கள் சொல்லும் இடத்தில் இருபத்திரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதி, எல்லாப் பெயரையும் வயதோடு போட்டேன். அம்மாமார் கையெழுத்து வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். கடைசியில் நானும் வைத்தேன், ஒரு தாய் என்று.

ஒரு வாரம் போகவில்லை, தோட்டத்து மேனேஜர், எங்கள் துரை, ஆள் அனுப்பினார். தோட்டத்து ஒபிஸில் அவர் மேசையில் என் கடிதத்தின் பிரதி இருந்தது. அவர் சிங்களவர், ஆனால் தோட்டம் நடத்தப் பழகிய தமிழ் அவரிடம் இருந்தது. அந்தத் தமிழில் 'நீங்கள்' கிடையாது.

"இந்த லெட்டர் நீயா எழுதினது?"

தலைவர்தான் எழுதினார் என்று சொல்லிவிடும்படி அவரே எனக்கு முதல் நாள் சொல்லியிருந்தார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க" என்று வந்துவிட்டது.

"ஒனக்கு இன்னும் நிரந்தரம் இல்ல. தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் ஏன் எழுதினது?"

"எம் புள்ளயும் அங்கதாங்க தூங்குது."

அவர் அந்தப் பிரதியை மடித்து என் பக்கம் தள்ளினார். பிறகு, கடிதத்தை வாபஸ் வாங்கு, திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொண்டுவா என்றார். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே வந்து ஒபிஸ் ரோசாச் செடிக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து, வாபஸ் கடிதத்தையும் எழுதி, மடித்து, பிள்ளையின் பால்மாப் பேணிக்கு அடியில் வைத்தேன். வேலை போனால் என்ன செய்வது? கணவர் ஸ்டோரில் இருக்கிறாரே, அவருக்கும் ஏதாவது வந்தால்? கொடுப்பதா வேண்டாமா என்று ஞாயிறு முழுக்க அந்தப் பேணியைத் தூக்கிப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி போல மூன்று விசில் கேட்டது. பிள்ளைகளோடு தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தோம். வெடித்தது. இந்தத் தரம் அரிசி கொட்டுகிற சத்தம் இல்லை. ஒரே ஒரு சத்தம், தகரம் கிழிகிற சத்தம். எண்ணினேன். என் மகளையும் சேர்த்து எண்ணினேன், சரியாக இருந்தது. உதவிக்கு இருந்த பெண்ணிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே போனேன். கூரையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெயில் நேராகப் பாயில் விழுந்திருந்தது. வெயில் விழுந்த இடத்தில் தேங்காய் அளவு ஒரு கல். பத்து நிமிடத்துக்கு முன் அந்தப் பாயில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாபஸ் கடிதம் பிறகு என்ன ஆனது என்று எனக்கு ஞாபகமே இல்லை. அடுப்பில் போட்டிருப்பேன்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், பெண்கள் எல்லோரும் பிள்ளைகளோடு நின்றார்கள். யாரும் கூட்டம் கூட்டவில்லை. முதல் நாள் பின்னேரம் கூரை ஓட்டையை ஒவ்வொருத்தியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை, பிள்ளைகளைக் காம்பராவில் விட்டுவிட்டு வா என்றார். "நீங்க போயி அந்தப் பாயில படுத்துப் பாருங்க, அப்பறம் நாங்க வுடுறோம்" என்றார் மாரியாயி அக்கா. பிறகு நேராகக் கொழுந்து மடுவத்துக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. நாலு தூண், ஒரு கூரை, நடுவில் பெரிய உத்தரம். அந்த உத்தரத்துக் கொக்கியில்தான் தராசு தொங்கும். மாரியாயி அக்கா கூடைக்குள்ளிருந்து பழைய சேலையை எடுத்து உத்தரத்தில் வீசிக் கட்டினார். ஒரு தொட்டில். பக்கத்தில் இன்னொன்று. ஒன்பது தொட்டிலும் கட்டி முடிந்தபோது உத்தரத்தில் தராசுக்கு இடமில்லை.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பிள்ளைக்காம்பராச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி வழியில் நின்றிருந்தேன். என் கடமை காலை ஆறரைக்குக் கதவைத் திறப்பது. திறந்து வைத்துக்கொண்டு, வராத பிள்ளைகளுக்காகக் காத்திருந்தால் என் மேல் குற்றம் இல்லை. அப்படியும் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு உள்ளே போய்ப் பால்மாவையும் கோப்பைகளையும் வரவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, மடுவத்துக்குப் போனேன். புத்தகத்தில் அன்றைய திகதியைப் போட்டு, இடம் என்று ஒரு புதிய வரி எழுதினேன்: கொழுந்து மடுவம்.

கணக்கப்பிள்ளை வந்தார். "தராச எங்கம்மா மாட்டுறது?"

"அந்தா, எம் புள்ள காலுக்கிட்ட மாட்டு. நிறுக்கையில அப்படியே தொட்டிலையும் ஆட்டிக்கிட்டு நிறு" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

"துரை வந்தா நான் என்னா சொல்றது?"

"சாணக்கெட்டுன்னு சொல்லு!"

மூன்று நாள். கொழுந்து நிறுக்க முடியவில்லை. நிறுக்காத கொழுந்து ஸ்டோருக்குப் போக முடியவில்லை. என் கணவர் வேலையில்லாத ஸ்டோரிலிருந்து இறங்கி வந்து, அவிழ்ந்திருந்த ஒரு தொட்டில் முடிச்சை இறுக்கிவிட்டுப் போனார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியது என் வயதுதான் இருக்கும் ஒரு பெண். காற்சட்டை, தொப்பி, இடுப்பில் சுத்தியல். கந்தோரிலிருந்து வந்த புவியியலாளர். சிங்களத்தில்தான் பேசினோம். வெடி வைக்கிற இடத்திலிருந்து பிள்ளைக்காம்பரா வரைக்கும் நாடா பிடித்து அளந்தார். கூரை ஓட்டையைப் பார்த்தார். பாயில் இன்னும் கிடந்த கல்லை எடுத்துச் சுத்தியலால் ஒரு ஓரத்தில் தட்டி, உடைந்த முகத்தை எனக்குக் காட்டினார். நல்லெண்ணெயில் தோய்த்தது மாதிரி இருந்தது.

"கடிதத்தில் சார்னகைட் என்று ஒன்பது தரம் எழுதியது நீங்களா? எங்கள் ஒபிஸில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேச்சு" என்றார்.

தப்பாக எழுதிவிட்டேனோ என்று கேட்டேன். தப்பில்லை என்றார். அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். மடுவத்துத் திண்டில் உட்கார்ந்து சொன்னார். கடைசியில் இருக்கும் 'ஐட்' கிரேக்கத்திலிருந்து வந்த வால், கல் என்று சொல்ல எல்லாப் பெயரிலும் ஒட்டுவது. முன்னால் இருக்கும் சார்னக் ஒரு மனிதரின் பெயர். அப்படியானால் வாய் வெட்டுகிற இடத்தில் சொல் வெட்டுப்படவில்லை. நான் 'கைட்' என்று பிரித்தபோது அந்த மனிதரின் பெயரில் கடைசித் துண்டைப் பிய்த்துக் கல்லோடு ஒட்டியிருக்கிறேன். அவர் முந்நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரக் கம்பனி அதிகாரி. கல்கத்தாவில் இறந்தாராம். மதராஸ் பக்கத்திலிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுபோய் அவர் கல்லறை மேல் வைத்தார்களாம். ரொம்பக் காலம் கழித்து ஒரு புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்து, இந்த வகைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டாராம்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். 

"மதராஸ்ல இருந்து வந்த கல்லா?" என்றார் மாரியாயி அக்கா. "அப்ப நம்மள மாதிரி இங்கயும் கப்பல்லதான் வந்துச்சா?"

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அந்தப் புவியியலாளர் மிஸ் சிரித்தார். இல்லை, இங்கே இருக்கும் கல் இங்கேயே இருந்தது, ஒரு காலத்தில் அந்தக் கரையும் இந்தக் கரையும் ஒரே நிலம் என்றார்.

"அப்ப நாங்களும் இங்கயேதான் இருந்தோம்னு எழுதிக்கச் சொல்லுங்க டீச்சர். எங்க மனுசன் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு எத்தன வருசம் ஆகுது. இந்தக் கல்ல சாட்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மகள் மடியில் இருந்தாள். எனக்கு அந்தக் கல்லறை மனதைவிட்டுப் போகவில்லை. கோடிக்கணக்கான வருடம் பெயரில்லாமல் கிடந்த மலைக்கு, ஒரு மனிதர் செத்ததால் பெயர் வந்துவிட்டது. இதே கல்லை உடைத்துத் தோட்டத்துக்கு ரோட்டுப் போட்டவர்கள் தேயிலைக்குக் கீழே கிடக்கிறார்கள், அவர்கள் மேல் ஒரு சல்லிக்கல்கூட இல்லை. இதெல்லாம் அந்தப் பெண்ணின் தவறு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உடம்பு சுட்டது.

அவர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். கல் வகை, தூரம், சேதம். ஒரு கட்டத்தில் பேனை நின்றது. "இதில் குடியிருப்பு என்று கேட்டிருக்கிறது. அந்தக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லைதானே? படத்தில் உர ஸ்டோர் என்றுதான் இருக்கிறது. வேறு பெயர் இல்லை" என்றார். அவர் குரலில் கெட்டது ஒன்றும் இல்லை. உண்மையாகவே என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "மிஸ், காலையிலிருந்து நாலரை மணி வரைக்கும் இருபத்திரண்டு பேர் அங்கே சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், அழுகிறார்கள். செத்த ஒருவர் மேல் கிடந்த கல்லுக்கு ஒரு பெயர் வைக்க உங்கள் ஆட்களுக்கு முடிந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைகள் தூங்குகிற வீட்டுக்கு ஒரு பெயர் எழுத முடியாதா?" என்றேன்.  மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அவர் தொட்டில்களைப் பார்த்தார். உர ஸ்டோர் என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: குழந்தைகள் இல்லம், இருபத்திரண்டு பேர், பகல் முழுவதும்.

அந்த மாதமே எங்கள் பக்கத்து வெடி நின்றது. கொந்தராத்துக்காரரை மலையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளி அனுப்பினார்கள். அங்கே லயம் இல்லை. கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. எனக்கு ஒரு கடிதம் வந்தது, கடமை இடத்தை அனுமதியின்றி மாற்றியதற்காகத் தகுதிகாண் காலம் மேலும் ஒரு வருடம் என்று. பெண்களுக்கு மூன்று நாள் பேர் விழவில்லை, அந்தச் சம்பளம் போனது. அந்த மூன்று நாளை நினைத்து நான் எத்தனையோ தரம் குழம்பியிருக்கிறேன். ஒரு நாளோடு முடித்திருக்கலாமோ, கடிதத்திலேயே இன்னும் நன்றாக எழுதியிருக்கலாமோ? ஒரு தரம் மாரியாயி அக்காவிடம் கேட்டேன். "அந்தக் கல்லு வுழுந்த எடத்துல தூங்குனது எம் பேரன் டீச்சர். போயி வேலயப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்போது நாங்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை. போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சுற்றிப் பார்த்தேன். மடுவம் இல்லை. கொழுந்தை மலையிலேயே நிறுத்து லொறியில் ஏற்றிவிடுகிறார்கள். மாரியாயி அக்கா தெரணியகலையில் மகள் வீட்டோடு போய்விட்டார். சாணக்கெட்டு என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை, அந்தச் சொல்லே புதிய ஆட்களுக்குத் தெரியவில்லை. இளம் பெண்கள் பாதிப் பேர் கொழும்பில். இருக்கிற கொஞ்சப் பிள்ளைகள் கீழே ரோட்டோரத்து நேசரிக்குப் போகின்றன. பிள்ளைக்காம்பராவைப் பூட்டி, பிறகு பூட்டவும் மறந்து, தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவர் மட்டும் நின்றது. நடுவில் பப்பாசி ஒன்று முளைத்திருந்தது. மேலே பாறை, எங்கள் பக்கம் ஒரு கீறல் இல்லாமல், மழையில் நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கூரையை எடுத்தது வெடி இல்லை. கல் இல்லை. உள்ளே தூங்கினவர்கள் விழித்து, வளர்ந்து, தங்கள் காலால் நடந்து வெளியே போய்விட்டார்கள். அப்படிக் காலியானால் காலியாகட்டும்.